யார் வீட்டுப் பிள்ளையென்று சொல்லக்கூடாத வேலை

செக்காலையில் பால்காரர் போன பிறகு, பூக்காரம்மா கூவிக்கொண்டு வருவதற்கு முன்னால், தெரு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் கிடக்கும். போன வருஷம் அந்த நேரத்தில் ஆசாரி ஆசைத்தம்பி வீட்டைக் கடந்து போனவர்களுக்கு மாடியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டிருக்கும். "எத்தனை நாளா இந்த வலி இருக்கு?" என்று கேட்கும். பிறகு அதே குரல் இங்கிலீஷில் ஏதோ சொல்லும். திரும்பவும் தமிழில், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று வரும். கேட்கிற ஆள் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்பார். "இப்ப விடுங்க" என்று வரும் வரைக்கும் விடமாட்டார். நானே அப்படி நின்றிருக்கிறேன்.

அது நிவேதா பரீட்சைக்குப் பழகிக்கொண்டிருந்த காலம். அவள் எனக்குப் பேத்தி முறை. அவளுடைய அப்பா ஆசைத்தம்பி என் அக்காள் மகன். அக்காளைக் கோட்டையூரில் கொடுத்திருந்தோம். புருஷன் போன பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களுக்கு எதிர்வீட்டில் குடியேறினாள். நிவேதாவைக் கட்டியிருக்கிற இளமாறன் என் தம்பியின் மகன் வயிற்றுப் பேரன். ஆகப் பெண் வீட்டிலும் நான் உட்கார்ந்திருப்பேன், மாப்பிள்ளை வீட்டிலும் நான் உட்கார்ந்திருப்பேன். இரண்டு வீட்டுக் காப்பியும் எனக்கு உண்டு.

அவள் கம்ப்யூட்டர் படித்து, அமெரிக்காவில் மேற்குக் கரையில் மழை விடாமல் தூறுகிற ஓர் ஊருக்கு வேலைக்குப் போனாள். மற்றவர்கள் எழுதின புரோகிராமில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்கிற வேலை. இளமாறன் இங்கே பாலிடெக்னிக்கில் வாத்தியார். அவளுடைய விசாவோடு ஒட்டிக்கொண்டு அவனும் போனான். ஒட்டிப் போனவன் அங்கே வேலை பார்க்கக் கூடாதாம். சமைத்தான், துணி துவைத்தான், அவளை ரயிலேற்றிவிட்டு ஏரிக்கரையில் நடந்தான். "பொண்டாட்டி சம்பாத்தியத்துல சாப்பிடுறவன்" என்று இங்கே சிலர் பேசினார்கள். அவன் அதற்கு, "சாப்பாடு நான்தானே ஆக்குறேன்" என்றான். அத்தோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

குளிர் தொடங்கின ஒரு நாள் காலையில் அவளுடைய லேப்டாப் திறக்கவில்லை. தன் பெயரைத் திரும்பத் திரும்ப அடித்தாளாம். அது அவளைத் தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் போனில் முன்பின் பார்க்காத ஒருத்தி வந்து, மிகவும் இனிமையாக, வேலை போய்விட்டது என்று சொன்னாள். அவளோடு சேர்த்துப் பெருங்கூட்டத்துக்குப் போயிருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் வேலை போனால் வேறு வேலை தேடிக்கொண்டு அங்கேயே இருக்கலாம். போய்ப் பிழைக்கிறவர்களுக்கு அப்படியில்லை. இரண்டு மாசத்துக்குள் இன்னொரு கம்பெனி கையைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும்.

அந்த இரண்டு மாசத்தைப் பற்றி அவள் சொல்லும்போது தண்ணீருக்குள்ளிருந்து பார்த்த மாதிரி சொல்வாள். காலையில் ஆபீஸுக்குப் போட்டுப் போகிற ஷூவையே போட்டுக்கொண்டு ஏரியைச் சுற்றுவாள். ஏரி மேல் பனி மிதக்கும். எதிர்க்கரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. கூட வேலை பார்த்த சிநேகிதிகள் போன் பண்ணி ஆளுக்கொரு வழி சொல்வார்கள். காலேஜில் சேர்ந்து படிப்பு விசாவுக்கு மாறிக்கொள் என்றாள் ஒருத்தி. கனடாவுக்குப் போ என்றாள் இன்னொருத்தி. சொந்தமாகக் கம்பெனி தொடங்கு என்றவளும் உண்டு. இவள் எல்லாவற்றுக்கும் "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டு வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நம்ம ஊரணியை யாரோ இழுத்துப் பெரிதாக்கி, குளிரவைத்து, இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்று தோன்றுமாம்.

அந்தச் சமயத்தில் இளமாறனுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனுக்குத் தூக்க ஊசி போட்டிருந்தார்கள். இவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சுவரில் பல நாட்டு எழுத்துகளில் ஏதோ எழுதி ஒட்டியிருந்தது. அதற்கு நடுவில் தமிழ். "உங்கள் மொழியில் பேச ஒருவரை அழைத்துத் தருகிறோம்" என்று இருந்ததாம். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவருக்கு நர்ஸ் சக்கரம் வைத்த ஒரு கம்பியில் போனை மாட்டித் தள்ளிக்கொண்டு வந்தாள். போனுக்குள்ளிருந்து எவளோ ஒருத்தி அவருடைய பாஷையில் பேசினாள். கிழவர் அழுதுகொண்டே சிரித்தார். அதை அவள் பார்த்தாள். பார்த்ததோடு சரி.

வேலை கிடைக்கவில்லை. திரும்பி வந்தார்கள்.

வந்தபோது நம்ம பக்கம் நல்ல மழை. நிவேதா பகலெல்லாம் கீழ் அறையில் ஆத்தங்குடிக் கல் பாவின தரையில் பாய்கூட விரிக்காமல் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பாள். கண்ணுக்கு நேரே சிவப்புப் பூவும் பச்சை இலையும். தூங்கும்போது அந்தப் பூக்கள் மேல் பனி பெய்யும் என்பாள். விழித்தால் எந்த ஊரில் இருக்கிறோம் என்று சில நேரம் தெரியாது. விரல்கள் மட்டும் தரையில் எதையோ தட்டிக்கொண்டிருக்கும்.

சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? அவளுடைய தாய்மாமன் முத்துக்கிருஷ்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு தொழிலோடு வருவான்.

"கோழிப்பண்ணை போடு ஆத்தா. கோழி விசா கேக்காது."

"நீங்க போட்டீகளே மாமா, என்ன ஆச்சு?"

"எனக்குக் கோழியெல்லாம் சீக்கு வந்து போச்சு. எனக்குப் படிப்பு இல்லை. நீ இங்கிலீஷ்ல பேசி வளத்துருவ."

நிவேதாவின் அம்மா புஷ்பவள்ளி அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாள். "அண்ணே, பிள்ளை நொந்துபோய் வந்திருக்கு. நீ கோழியைக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறியே!"

"சரி, வேணாம். ஜெராக்ஸ் கடை?"

பிள்ளையார்பட்டிக்கு வருகிறவர்கள் தங்க லாட்ஜ் எடுத்து நடத்தலாம் என்றார்கள். ஆத்தங்குடிக் கல்லை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய் என்றார்கள். பாங்கு பரீட்சைக்கு வயசு தாண்டிவிட்டதா என்று விசாரித்தார்கள். அவள் கொஞ்ச நாள் டியூஷன் எடுத்தாள். பிள்ளைகள் கணக்குப் போடும்போது இவள் ஜன்னல் வழியாக எங்கோ போய்விடுவாள். பிள்ளைகள் கணக்கை முடித்து, சண்டை போட்டு, சமாதானமும் ஆகியிருப்பார்கள். இவள் திரும்பி வந்திருக்கமாட்டாள்.

கடைசியில் பெங்களூரில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. ராத்திரி முழுக்க முழித்திருந்து அமெரிக்காக்காரனுடைய கம்ப்யூட்டரைக் காவல் காக்கிற வேலை. இளமாறனுக்கோ பாலிடெக்னிக்கில் பழைய இடம் அப்போதுதான் திரும்பக் கிடைத்திருந்தது. போனால் அவள் தனியாகப் போக வேண்டும். அவளுக்கு மனசில்லை. வேறு வழியும் இல்லை.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து, "அந்தச் சுவருல நம்ம எழுத்து இருந்துச்சு" என்றாள். புஷ்பவள்ளி பயந்துபோய் விபூதியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

போனுக்குள்ளிருந்து பேசுகிறவளும் எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசுகிறவள்தானே என்று அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தேடினாள். அப்படிக் குரல் அனுப்புகிற ஒரு கம்பெனி இருந்தது. பரீட்சை வைத்தார்கள். அதற்குத்தான் அந்தக் காலை நேரப் பழக்கமெல்லாம். தேறினாள். சில மாசம் சோதனைக் காலம், அது நன்றாகப் போனால் நிரந்தரம் என்றார்கள். பெங்களூருக்காரர்களிடம், முடிவு சொல்லக் கொஞ்சம் தவணை வாங்கிக்கொண்டாள். இது நிலைத்தால் இங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஆசைத்தம்பி மாடி அறைக்கு உள்பக்கம் பலகை அடித்து, இடையில் தேங்காய் நார் திணித்து, கதவு இடுக்கெல்லாம் ரப்பர் ஒட்டிக் கொடுத்தான். ஆள் படுகிற கஷ்டம் வெளியே கேட்கக் கூடாது என்று கம்பெனி சொல்லியிருந்தது. அன்றிலிருந்து தெருவில் யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

நமக்கு விடியும்போது அங்கே முந்தின நாள் சாயங்காலம். இவள் குளித்து, ஈரத்தலையோடு மாடியேறி, நேற்றைக்குள் போய் வேலை பார்த்துவிட்டு, இட்லி ஆறுவதற்குள் இன்றைக்குத் திரும்பி வருவாள். அப்படித்தான் எனக்குத் தோன்றும். நோயாளி "என் நெஞ்சு அடைக்குது" என்றால், இவளும் "என் நெஞ்சு அடைக்குது" என்றே டாக்டரிடம் சொல்ல வேண்டுமாம். அவர் இருமினால் மட்டும் இவள் இருமக் கூடாது. வேலை முடிந்து இறங்கி வந்து தரையில் உட்காரும்போது அவள் முகத்தில் வேறு யாரோ இருப்பார்கள். ஒரு நாள் வயசான ஆளாக இருப்பாள், ஒரு நாள் பிள்ளை பெற்றவளாக இருப்பாள். காப்பி குடித்து முடிக்கும்போது மெல்ல நிவேதா திரும்பி வருவாள்.

"இன்னைக்கு யாருக்குடி, என்ன?" என்று புஷ்பவள்ளி கேட்பாள்.

"காப்பிக்குச் சீனி பத்தலைம்மா" என்பாள்.

வேலைக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. நோயாளி அந்த அறையில் என்ன சொன்னாலும் ஒன்று விடாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பேச்சு தொடங்கும்போதே அதை நோயாளிக்குத் தெரியப்படுத்தவும் வேண்டும். இது ஒன்று. இன்னொன்று, தான் யார், எந்த ஊர் என்று சொல்லவே கூடாது. ஒரு நம்பர்தான் பேர்.

இந்த இரண்டாவதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம பக்கத்து ஆளிடம் நீ யாரு வீடு என்று தெரியாமல் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்களே, இது எப்படி நடக்கும் என்று நினைத்தேன். நினைத்தது நடந்தது.

இனிச் சொல்லப்போவது மீனம்மாள் ஆச்சி பின்னால் தம் வாயாலேயே ஊருக்கெல்லாம் சொன்னது. நிவேதாவிடமிருந்து இதில் ஒரு சொல் வரவில்லை.

மீனம்மாள் ஆச்சிக்குக் கொப்புடையம்மன் கோயில் பக்கம் பெரிய வீடு. அந்த வீட்டு மரவேலை முழுக்க ஆசைத்தம்பிதான் பார்ப்பான். வீட்டுக்காரர் காலமான பிறகு மகன் அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். தை மாசம் ஆச்சியின் அக்காள் பேத்திக்கு இங்கே கல்யாணம். வருவதற்கு டிக்கெட் எடுத்து, கட்டவேண்டிய சேலையைக்கூடத் தனியாக எடுத்து வைத்திருந்தார். அந்த நேரத்தில் அடுப்படியில் விழுந்தார். மகன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டுக் காரை ஓரங்கட்டப் போனான். டாக்டர் ஒரு சின்னப் பெண். நர்ஸ் கம்பியில் மாட்டின போனைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

போன், வணக்கம் சொல்லி ஒரு நம்பரைச் சொன்னது. "நீங்க என்ன சொன்னாலும்" என்று அது தொடங்கும்போதே ஆச்சி கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். டாக்டர் பதறி, பக்கவாட்டில் படுக்கச் சொல்லுங்கள் என்றாள். அந்தப் பதற்றத்தில் போன் சொன்னது: "விழுந்துறாதீக! இங்குட்டுத் திரும்பிப் படுங்க."

ஆச்சி படுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இங்குட்டா? ஏத்தா, நீ நம்ம பக்கமா? யாரு வீட்டுப் பிள்ளை?"

போன் அதை இங்கிலீஷில் டாக்டருக்குச் சொல்லிவிட்டு, "நான் யாருன்னு சொல்லக் கூடாதுங்க. டாக்டர் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. விழுறதுக்கு முன்னாடி கண்ணு இருட்டுச்சா?" என்றது.

"நீ சொல்லக் கூடாதுன்னா நானும் சொல்லக் கூடாது."

அதுவும் இங்கிலீஷில் போனது. டாக்டர் சிரித்துவிட்டு மறுபடி கேட்டாள். ஆச்சி மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு, "யாரு எவுகன்னு தெரியாம என் ஒடம்பைப் பத்தி ஒரு கம்பிக்கிட்டப் பேசச் சொல்றீகளா?" என்றார்.

போன் அதையும் டாக்டருக்குச் சொன்னது. பிறகு மெதுவாக வந்தது.

"காரைக்குடி, ஆச்சி. செக்காலை. ஆசாரி ஆசைத்தம்பி மக."

"அடியாத்தி! எங்க சாமி வீட்டு நெலைக்கதவைச் செஞ்சு வச்சானே, அவன் மகளா நீயி? காரைக்குடியில இருந்தா பேசுற? அங்க இப்ப விடிஞ்சிருச்சா? கொப்புடையம்மன் கோயில் மணி கேக்குதா?"

அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்தான். அடுத்த மூச்சில் ஆச்சிக்கு வேறொன்று தோன்றியது. ஆசைத்தம்பி மகளுக்குத் தெரிந்தால் ஆசைத்தம்பிக்குத் தெரியும். ஆசைத்தம்பிக்குத் தெரிந்தால் அக்காள் வீட்டுக்குத் தெரியும். உடம்பு சரியில்லாதவள் அத்தனை தூரம் வரவேண்டாம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். முகம் சுருங்கிவிட்டது.

"டாக்டர்ட்டச் சொல்லு. தரை வழுக்குச்சு, விழுந்தேன். அம்புட்டுத்தான்."

நிவேதா செய்த தவறு இதுதான். வீடு தெரிந்தால் வாய் திறக்கும் என்று நினைத்தாள். நம்மில் யாரும் அப்படித்தான் நினைப்போம். வீடு தெரிந்ததாலேயே வாய் மூடிக்கொள்ளும் என்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. யாரென்று தெரியாத குரலாக இருந்திருந்தால் ஆச்சி கொஞ்சம் முரண்டுபிடித்துவிட்டு உண்மையைச் சொல்லியிருப்பார்.

வழுக்கினதை டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டிருக்கும்போது, ஆச்சி கம்பியைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, போனுக்கு நேராகக் குனிந்துகொண்டார்.

"இங்க பாரு தாயி. நீ எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி, அதுனால சொல்றேன். இப்படி விழுறது இது மொத தடவை இல்லை. திடுக்குன்னு எல்லாம் அடங்கிப் போகுது. எங்கயோ மெதக்குற மாதிரி இருக்கு. முழிச்சுப் பாத்தா தரையில கெடக்கேன். மகனுக்குத் தெரியாது. டாக்டர்ட்டச் சொல்லிப்புடாதே, கல்யாணத்துக்கு விடமாட்டாக. ஊர்லயும் மூச்சு விட்டுறாதே."

போனுக்குள் வெகு தூரத்தில், பலகையையும் நாரையும் தாண்டி, ஒரு சேவல் கூவினது கேட்டதாம். ஆச்சிக்கு அது நம்ம ஊர்ச் சேவல் என்று தெரிந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு போன் இங்கிலீஷில் பேசத் தொடங்கியது. அவசரமே இல்லாமல் பேசியது. மிதப்பதையும் விழுவதையும் மகனையும் கல்யாணத்தையும் சொல்லி, கடைசியில் "டோன்ட் டெல்" என்று முடித்தது. பேரன் பேத்திகள் தினமும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்கிற வார்த்தை அது. ஆச்சிக்கு நன்றாகத் தெரியும்.

"அடிப் பாவி! சொல்லிப்புட்டியா!"

அது இங்கிலீஷில் போனது.

"பாவின்னதையும் சொல்றாளே! இவளை என்ன செய்யிறது!"

அதுவும் போனது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு இங்கே நிவேதா மாடியிலிருந்து இறங்கி வந்ததை நான் பார்த்தேன். காப்பி ஆறி ஆடை கட்டிப் போயிற்று. அவள் முகத்திலிருந்த ஆள் போகவே இல்லை. இளமாறனிடம் மட்டும், "எந்த ஊருன்னு சொல்லிட்டேன். பேசுனது எல்லாம் பதிவாகும். கேட்டாங்கன்னா அவ்வளவுதான்" என்றாள்.

கேட்டார்கள். கம்பெனியிலிருந்து, முடிவு சொல்லும் வரை பேச வேண்டாம் என்று தகவல் வந்தது. மாடி அறைக் கதவு சாத்தியே கிடந்தது. பெங்களூருக்காரர்கள் இன்ன தேதிக்கு வா என்றார்கள். புஷ்பவள்ளி பருப்புப் பொடி இடித்தாள்.

ஆசைத்தம்பிக்குத்தான் பொறுக்கவில்லை. "யார்ட்டம்மா சொன்ன? சொல்லு, நான் போய்ப் பேசுறேன்."

"சொல்லக் கூடாதுப்பா."

"சொல்லக் கூடாததைச் சொன்னதுக்குத்தானே இந்தக் கூத்து? இதையும் சொன்னா என்ன குடி முழுகிரும்?"

"அது என்னையப் பத்தினது. இது இன்னொருத்தரைப் பத்தினது."

அந்த வாரத்திலேயே ஆசைத்தம்பி ஆச்சியின் அக்காள் வீட்டில் கல்யாணத்துக்காகக் கதவு கீல் மாட்டிவிட்டு வந்தான். கைகால் கழுவிக்கொண்டே, "மீனம்மாள் ஆச்சி அமெரிக்காவுல வழுக்கி விழுந்துட்டாகளாம். கல்யாணத்துக்கு வருவாகளோ என்னமோ, அக்கா வீட்டுல ஒரே பேச்சு" என்றான்.

நிவேதா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "அப்படியாப்பா" என்றாள். தலை நிமிரவில்லை. அன்றைக்கு அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்த நாட்களில் அவள் பகல் முழுக்கத் தூங்கினாள். தூக்கத்தில் நீளமான வெள்ளைத் தாழ்வாரம் வருமாம். இரண்டு பக்கமும் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யாரோ தமிழில் முனகுவது கேட்கும். இவள் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, "யாரு வீடு?" என்பார்கள். சொல்ல வாய் வராது. விழித்தால் கன்னத்தில் கல்லின் குளிர்ச்சி இருக்கும்.

அங்கே ஆச்சியை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். மார்பில் ஒயர் ஒட்டிப் பார்த்ததில் இதயம் நடுநடுவே நடக்க மறந்து நின்றுவிடுவது தெரிந்தது. பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார்கள். அதற்கு ஆச்சி சம்மதிக்க வேண்டும். மகன் சொன்னான், "நீ சும்மா இருடா" என்றார். கம்பிப் போனைக் கொண்டுவந்தார்கள். புதுக் குரல் ஒன்று வணக்கம் சொன்னது.

"நீ யாரு வீடு?"

"அதைச் சொல்வதற்கு எனக்கு அனுமதி இல்லை அம்மா."

"அப்ப நீ வை."

இன்னொரு குரல் வந்தது. அதையும் வைக்கச் சொன்னார். மூன்றாவதாக வந்தது ஓர் ஆண் பிள்ளை. அவனிடம், "உனக்குக் கல்யாணம் ஆயிருச்சாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். மகன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "யார்தான் ஆத்தா வேணும் உங்களுக்கு?"

"என்னையக் காட்டிக் கொடுத்தாளே, அவளைக் கூப்பிடு."

டாக்டர் குறித்து வைத்திருந்த நம்பரைத் தேடி எடுத்துக் கம்பெனியிடம் கேட்டாள்.

இங்கே பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று. இளமாறன் பெட்டியைப் பூட்டி, சாவியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தான். அப்போது கம்பெனியிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. "ஆமா... ஆமா..." என்று நின்றுகொண்டே கேட்டாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மாடியேறினாள். ஆட்டோக்காரன் வந்து ஹாரன் அடித்தான். ஆசைத்தம்பி வெளியே போய், "கொஞ்சம் பொறுப்பா, பிள்ளை நேத்தைக்குப் போயிருக்கு" என்றான். நான் எப்போதோ சொன்னதைப் பிடித்து வைத்திருந்தான்.

நிவேதா இந்தத் தடவை முதல் வார்த்தையாக, "ஆச்சி, நீங்க என்ன சொன்னாலும் நான் டாக்டர்ட்டச் சொல்லிருவேன்" என்றாளாம்.

"தெரியும்டி. அதுக்குத்தானே உன்னையக் கூப்பிட்டேன். மத்தவுக எல்லாம் நயமாப் பேசுறாக. டாக்டர் சொல்றதுல பாதியை எனக்கு மறைச்சாலும் மறைப்பாக. நீ பாவிப்பட்டத்தையே மறைக்காதவ. இந்த மிஷினை வச்சா நான் பொழைப்பேனா, கல்யாணத்துக்குப் போவேனான்னு கேளு. அவ என்ன சொல்றாளோ அப்படியே சொல்லு."

டாக்டர் சொன்னாள். வைத்தால், புண் ஆறினதும் விமானம் ஏறலாம். வைக்காமல் ஏறினால் வழியிலேயே நின்றுபோகலாம். நிவேதா அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

ஆச்சி, "ஊருக்குத் தெரியுமா?" என்றார். அதையும் டாக்டருக்குச் சொல்லி, டாக்டர் பேசு என்ற பிறகு, "என் வழியா யாருக்கும் தெரியாது" என்றாள் நிவேதா.

"உங்கப்பனுக்குக்கூடவா?"

"அப்பாவுக்கும் தெரியாது."

"சரி, வைக்கச் சொல்லு."

கம்பெனி அவளைக் கண்டித்தது. சோதனைக் காலத்தை நீட்டியது. நம்பருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு குறி விழுந்துவிட்டதாம், அது போகாது என்றாள். ஆனால் வேலை நிலைத்தது. பருப்புப் பொடியை நாங்கள் எல்லாரும் இங்கேயே சாப்பிட்டுத் தீர்த்தோம்.

தை மாசம் மீனம்மாள் ஆச்சி வந்தே விட்டார். ஊருக்குத் தெரியக் கூடாது என்று அந்தப் பாடுபட்டவர், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, இலை போட்டதிலிருந்து பாயசம் வரைக்கும் தாம் விழுந்த கதையை வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நான் எதிர்ப்பந்தியில் இருந்தேன். "அடிப் பாவின்னதையும் சொல்றா!" என்று வரும் இடத்தில் பரிமாறுகிறவன் வாளியோடு நின்றுவிட்டான். அப்போதுதான் எனக்குப் பூண்டு உரித்தது ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் ஆட்டோவில் ஆசைத்தம்பி வீட்டு வாசலில் வந்து இறங்கினார். நல்ல இளம் வெயில். தரைப் பூக்கள் மேல் ஜன்னல் வெளிச்சம் நீளமாகக் கிடந்தது. ஆசைத்தம்பி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பதறினான். "வாங்க ஆச்சி, வாங்க, சொல்லிவிட்டிருந்தா நான் வந்திருப்பேனே."

"உன்னையப் பாக்க யாரு வந்தா? உன் மக எங்க?"

நிவேதா அப்போதுதான் வேலை முடிந்து மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் இன்னும் வேறு யாரோ. கடைசிப் படியில் நின்றாள்.

"நீதானே?" என்றார் ஆச்சி.

நிவேதா கும்பிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் கண்ணில் ஒரு சலனம் இல்லை.

"வாங்க ஆச்சி, உக்காருங்க. நீங்க யாரு வீடுன்னு தெரியலையே?"

புஷ்பவள்ளிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏய், என்னடி கேக்குற, மீனம்மாள் ஆச்சிடி!" என்று தோளில் தட்டினாள். ஆச்சி மகளையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இடது மார்பில் மிஷின் வைத்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"கொப்புடையம்மன் கோயில்கிட்ட ஆத்தா. பெரிய வீடு. உங்கப்பன்தான் எங்களுக்கு மரவேலை பாக்குறவன்" என்று, முதல் தடவை பார்க்கிற பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "உன் குரலை மட்டும் எங்கயோ கேட்டாப்புல இருக்கு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாக ஆச்சி" என்றாள் நிவேதா. காப்பி போட உள்ளே போனாள்.